சாட்சிக் கூண்டில் ஒரு பறவை



ஒரே ஒரு பறவையை வைத்துக்கொண்டு ஒரு மாலைப் பொழுதை ஓட்டிவிட முடியுமா என்று அழைப்பிதழைப் பார்த்ததும் சிலர் கேட்டார்கள். முடியும். ஏனென்றால் இந்தப் பறவையை மனிதர்கள் மூன்று வழக்குகளில் சாட்சிக் கூண்டில் ஏற்றியிருக்கிறார்கள். முதல் வழக்கு, செத்தவர்களின் பாவ புண்ணியம். இரண்டாவது, உயிரினங்கள் காலப்போக்கில் மாறுமா மாறாதா என்பது. மூன்றாவது, பழைய எகிப்தியப் பூசாரிகள் பறவைப் பண்ணை நடத்தினார்களா என்பது. மூன்றிலும் பறவை வாயைத் திறக்கவில்லை. மற்றவர்கள்தான் அதன் சார்பில் பேசினார்கள். என்ன பேசினார்கள், அதில் எவ்வளவு உண்மை, அதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

பறவையின் பெயர் புனித அரிவாள் மூக்கன். ஐரோப்பியர்கள் ஐபிஸ் என்பார்கள். அந்தப் பெயரே எகிப்திலிருந்து கிரேக்கர் வழியாகப் போனதுதான். உடம்பு வெள்ளை. தலையிலும் கழுத்திலும் ஓர் இறகுகூடக் கிடையாது. கறுத்துச் சுருங்கிய வெறும் தோல். மூக்கு நீளமாகக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். முதுகின் பின்பக்கத்திலிருந்து கருநீலப் பளபளப்போடு சில மெல்லிய இறகுகள் வாலை மூடித் தொங்கும். நீளம் 70 செ.மீ. வாக்கில், எடை ஒன்றரைக் கிலோ பக்கம். பறக்கும்போது வெள்ளைச் சிறகின் ஓரம் முழுக்கக் கறுப்புக் கரை கட்டியது தெரியும். இனப்பெருக்கக் காலத்தில் சிறகின் அடியில் இறகில்லாத இடம் கருஞ்சிவப்பாகிவிடும். குஞ்சுகளுக்குத் தலையில் இறகு உண்டு. வளர வளர உதிர்ந்து மொட்டையாகிவிடும்.

வேடந்தாங்கலுக்கோ கூந்தன்குளத்துக்கோ போனவர்கள் இதன் உடன்பிறப்பைப் பார்த்திருப்பீர்கள். நாம் வெள்ளை அரிவாள் மூக்கன் என்று சொல்கிறோமே, அதுவும் இதே பேரினம். அந்தச் சிறகோரக் கறுப்புக் கரை மட்டும் நம் பறவைக்கு இல்லை. பத்தடி தள்ளி நிற்க வைத்தால் பலருக்கு வித்தியாசம் சொல்லத் தெரியாது. ஆகவே எகிப்தியக் கோயில் சுவரில் இருப்பது நமக்கு அந்நியமான பறவை என்று எண்ண வேண்டாம்.

அது இரை தேடும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கொக்கு கண்ணால் வேட்டையாடும். அசையாமல் நின்று, மீன் தெரிந்ததும் குத்தும். அரிவாள் மூக்கனுக்கு அந்தப் பொறுமை இல்லை. நடந்துகொண்டே இருக்கும். நடக்க நடக்க மூக்கைச் சேற்றில் இறக்கும், எடுக்கும், மறுபடி இறக்கும். சில வேளை கண் வரைக்கும் முகம் உள்ளே போய்விடும். கலங்கிய நீரில் கண் எதற்கு? மூக்கின் நுனி எலும்பில் சிறு சிறு குழிகள் இருக்கின்றன. அவற்றுக்குள் அதிர்வை உணரும் நரம்பு முனைகள். சேற்றுக்குள் புழு நெளிந்தால் அந்த நெளிவு மூக்கு நுனிக்குத் தெரிகிறது. நத்தை, தவளை, வண்டு, நண்டு, மீன் குஞ்சு, செத்த பிராணி, வேறொரு பறவையின் முட்டை எதையும் விடாது. இதைத் தெரிந்துகொண்டால்தான் பின்னால் வரும் கதைகளில் சிரிக்க வேண்டிய இடம் எது என்று புரியும்.

இப்போது பழைய எகிப்துக்குப் போவோம். அந்த நாட்டின் வருஷமே நைல் நதியின் வெள்ளத்தை ஒட்டியது. கோடையில் எத்தியோப்பிய மலைகளில் மழை கொட்டும். அந்தத் தண்ணீர் வண்டலைச் சுமந்துகொண்டு வந்து வயலை எல்லாம் மூடும். வடிந்த பிறகு கறுப்புச் சேறு. சேற்றில் விதைப்பு. அந்தச் சேற்றுக்குத்தான் அரிவாள் மூக்கனும் வந்தது. உழவன் காலடியில், விதைக்கும் நேரத்தில், பூச்சியும் நத்தையும் பொறுக்கிக்கொண்டு நடந்த பறவை இது. அரசர்களின் தலைக்குமேல் உயரத்தில் வட்டமிட்ட பருந்து ஹோரஸ் தெய்வமானதில் ஆச்சரியம் இல்லை. அதிகாரம் என்றால் எல்லா ஊரிலும் மேலே பார்ப்பார்கள். சேற்றில் மூக்கைப் புதைக்கும் பறவை தெய்வமானதுதான் யோசிக்க வைக்கிறது. அதுவும் எழுத்துக்கும் கணக்குக்கும் அறிவுக்கும் தெய்வம். பெயர் தோத்.

இந்தத் தொடர்பு மிகப் பழையது. அரச வம்சங்கள் தொடங்குவதற்குச் சற்று முன்பு செதுக்கிய ஒரு கல் பலகை கிடைத்திருக்கிறது. போர்க்களப் பலகை என்று பெயர். அதில் இரண்டு கொடிக் கம்பங்கள். ஒன்றின் உச்சியில் பருந்து, மற்றொன்றின் உச்சியில் அரிவாள் மூக்கன். கம்பங்களுக்குக் கை முளைத்திருக்கிறது. அந்தக் கைகள் போர்க் கைதிகளைப் பிடித்திருக்கின்றன. எழுத்தர்களின் சாதுவான தெய்வம் என்று நாம் நினைப்பவருடைய பறவை, ஆரம்ப காலப் படங்களில் ஒன்றில் கைதியைப் பிடிக்கிற வேலையில் இருக்கிறது. எண்ணிப் பார்த்தால் பொருத்தம்தான். பிடித்த கைதியைக் கணக்கில் எழுத ஆள் வேண்டுமே.

ஏன் இந்தப் பறவைக்கு எழுத்து? பரவலாகச் சொல்லும் விளக்கம் பிறை நிலா. தோத் சந்திரனுக்கும் தெய்வம். வளைந்த மூக்கு பிறையைப் போல இருக்கிறது. சந்திரனைப் பார்த்துத்தான் மாதம் எண்ணினார்கள். எண்ணுவதிலிருந்து கணக்கு, கணக்கிலிருந்து எழுத்து. புளூட்டார்க் என்ற கிரேக்க எழுத்தாளரும், இந்தப் பறவையின் கறுப்பும் வெள்ளையும் கலந்த தோற்றத்தில் குறைநிலாவைக் கண்டார்கள் என்று எழுதியிருக்கிறார். நல்ல விளக்கம்தான். எனக்கு என்னவோ அதோடு வேறொன்றும் தோன்றுகிறது. எகிப்திய எழுத்தர் நாணல் பேனாவைத் தண்ணீரில் நனைத்து, மைக்கட்டியில் தொட்டு, சுருளில் இரண்டு எழுத்து எழுதி, மறுபடி தொட்டு எழுதுவார். தலையைக் குனிந்து, நுனியை நனைத்து, எடுத்து, மறுபடி நனைக்கிற அந்த வேலையையும் சேற்றில் நிற்கும் பறவையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இது என் ஊகம். எந்தப் பாப்பிரஸ் கோரைச் சுருளிலும் இப்படி எழுதியில்லை.

எழுத்தர்கள் தோத்தைத் தங்கள் ஆள் என்றே நினைத்தார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் ஹோரெம்ஹெப் என்பவரின் சிலை இருக்கிறது. தளபதி, பின்னால் அரசராகவே ஆனவர். வாளோடு நிற்கவில்லை. சம்மணம் போட்டு, மடியில் சுருளை விரித்து, எழுத்தராக உட்கார்ந்திருக்கிறார். சுருளில் தோத் மீது துதி. பதவி ஏற ஏற எழுத்தறிவைக் காட்டிக்கொள்ளும் ஆசை அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது.

தோத்துக்குத் தலைமை ஊர் நடு எகிப்தில் கெமெனு. கிரேக்கர் ஹெர்மோபோலிஸ் என்றார்கள், ஏனென்றால் தோத்தைத் தங்கள் ஹெர்மிஸ் தெய்வமாக அடையாளம் கண்டார்கள். இன்றைக்கு அல் அஷ்முனைன். அங்கே மூன்றாம் அமென்ஹோதெப் நிறுத்திய நாலரை மீட்டர் உயரக் குரங்குச் சிலைகள் இருக்கின்றன. குரங்கும் தோத்தின் வடிவம்தான். பபூன் என்கிற நாய்முகக் குரங்கு. அதைப் பற்றிப் பேசினால் இன்னொரு மாலை வேண்டும்.

சரி, முதல் வழக்கு. பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆனி என்ற எழுத்தரின் பாப்பிரஸ் சுருள் இருக்கிறது. கி.மு. 1250 வாக்கில் எழுதியது. 23 மீட்டருக்கு மேல் நீளம். 1888இல் வாலிஸ் பட்ஜ் என்பவர் எகிப்தில் வாங்கி லண்டனுக்குக் கொண்டுபோனார். போன இடத்தில் வசதிக்காக 37 துண்டாக வெட்டிவிட்டார். எழுதியவர் பார்த்திருந்தால் பட்ஜின் இதயத்தையும் தராசில் வைக்கச் சொல்லியிருப்பார்.

அந்தச் சுருளில் உள்ள நியாயத்தீர்ப்புக் காட்சி உலகப் புகழ் பெற்றது. நடுவில் பெரிய தராசு. ஒரு தட்டில் ஆனியின் இதயம், மறு தட்டில் மாஅத் என்ற நியாய தேவதையின் இறகு. இடப்பக்கம் ஆனியும் மனைவியும் குனிந்து நிற்கிறார்கள். நரித் தலை அனுபிஸ் மண்டியிட்டுத் தராசு முள்ளைச் சரிபார்க்கிறார். அவருக்குப் பின்னால் தோத் நிற்கிறார். மனித உடம்பு, அரிவாள் மூக்கன் தலை, கையில் மைப்பலகையும் நாணல் பேனாவும். அவருக்கும் பின்னால் ஒரு மிருகம் காத்திருக்கிறது: முதலைத் தலை, சிங்கத்தின் முன்னுடல், நீர்யானையின் பின்னுடல். இதயம் கனத்தால் அதன் வாய்க்குள் போய்விடும்.

இந்தப் படத்தில் தோத் நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். தராசுக்கும் அந்த மிருகத்துக்கும் இடையில். தீர்ப்பு சொல்வது அவர் வேலை அல்ல. தீர்ப்பு, இறந்தோரின் அரசரான ஒசிரிஸ் தெய்வத்தின் அவையில். தராசு காட்டுவதை உள்ளபடி எழுதுவதுதான் தோத்தின் வேலை. ஆனால் எழுதினால்தான் நடந்ததாக அர்த்தம். இதயத்தின் எடை சரியாக இருந்தாலும் பதிவாகாவிட்டால் மிருகம் அங்கேயே நிற்கிறது. தாலுகா ஆபீஸ் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த எழுத்தருக்குச் சூதும் தெரியும். புளூட்டார்க் சொல்லும் கதை: வானத் தேவதை நூட் எந்த மாதத்திலும் எந்த வருஷத்திலும் பிள்ளை பெறக் கூடாது என்று சூரியன் சாபம் இட்டுவிட்டான். தோத் சந்திரனோடு காய் உருட்டி விளையாடி, அதன் ஒளியில் ஒரு சிறு பங்கை ஜெயித்து, அதைக் கொண்டு ஐந்து நாள் செய்தார். 360 நாளோடு அந்த ஐந்தும் சேர்ந்தது. எந்த மாதத்திலும் சேராத நாட்கள் என்பதால் சாபம் பலிக்கவில்லை. ஒசிரிஸும் ஐசிஸும் சேத்தும் அந்த நாட்களில் பிறந்தார்கள். 30 நாள் கொண்ட 12 மாதத்தையும் 365 நாளையும் ஒட்டவைக்க ஒரு காலண்டர் கணக்குப்பிள்ளை கட்டிய கதை இது என்று சொல்லலாம். எகிப்தின் கிறிஸ்தவர்களான கோப்துகளின் நாட்காட்டியில் முதல் மாதத்தின் பெயர் இன்றும் தோத்தின் பெயர்தான். செப்டம்பர் 11 வாக்கில் பிறக்கிறது.

கிரேக்கரும் ரோமரும் எகிப்துக்கு வந்து இந்தப் பறவையைப் பார்த்து எழுதியவை தனிச் சுவை. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கி.மு. 5ஆம் நூற்றாண்டு. பறவையின் தோற்றத்தைத் துல்லியமாக எழுதுகிறார்: மொட்டைத் தலை, வெள்ளை உடம்பு, தலையும் கழுத்தும் சிறகு நுனியும் கறுப்பு. அடுத்ததாக அரேபியாவிலிருந்து வசந்த காலத்தில் சிறகு முளைத்த பாம்புகள் பறந்து வரும், அவற்றை எல்லையிலேயே ஐபிஸ்கள் மறித்துக் கொல்லும், எலும்புக் குவியலை நானே பார்த்தேன் என்கிறார். அந்தக் குவியல் என்னவென்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஐபிஸையோ பருந்தையோ தெரிந்து கொன்றாலும் தெரியாமல் கொன்றாலும் மரண தண்டனை என்றும் எழுதுகிறார். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் தேவைப்படும். யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ், மோசே எத்தியோப்பியாமீது படை நடத்தியபோது பாம்பு நிறைந்த பாதையைக் கடக்க, பாப்பிரஸ் கூடைகளில் ஐபிஸ்களை அடைத்துக் கொண்டுபோனார் என்று ஒரு கதை சொல்கிறார்.

புளூட்டார்க் இன்னும் ஒரு படி மேல். பறவையின் இரண்டு காலும் மூக்கும் சேர்ந்து சமபக்க முக்கோணம் ஆகிறதாம். நோய் கலந்த தண்ணீரை அது தொடாதாம். ஆகவே ஆசாரமான பூசாரிகள் ஐபிஸ் குடித்த இடத்திலிருந்துதான் தீர்த்தம் எடுப்பார்களாம்.

எனக்கு மிகவும் பிடித்த ஆள் ஸ்ட்ராபோ. புவியியல் எழுதியவர். கி.மு. 1ஆம் நூற்றாண்டின் கடைசியில் அலெக்சாந்திரியாவில் குடியிருந்தவர். மற்றவர்கள் பூசாரியைக் கேட்டு எழுதினார்கள். இவர் தெருவில் நடந்து எழுதினார். அலெக்சாந்திரியாவின் ஒவ்வொரு நாற்சந்தியிலும் ஐபிஸ்கள் நிறைந்து கிடக்கின்றன என்கிறார். பூச்சி புழுவைத் தின்கிறது, கசாப்புக் கடைக் கழிவையும் ரொட்டிக் கடைக் கழிவையும் பொறுக்குகிறது, அந்த அளவில் நன்மை. ஆனால் எதையும் விடாமல் தின்னும் அசுத்தப் பிராணி, நல்ல பண்டங்களின் பக்கம் வராமல் விரட்டுவது பெரும்பாடு என்று புலம்புகிறார். தீர்த்தமாடும் பூசாரியும் ரொட்டிக் கடைக்காரரும் பார்த்தது ஒரே பறவையைத்தான். பறவையியல் அறிஞர் யாரிடம் காட்டினாலும் ஸ்ட்ராபோ பக்கம்தான் கையெழுத்துப் போடுவார்.

இனி இருட்டான பகுதிக்கு வருகிறேன். கெய்ரோவுக்குத் தெற்கே சக்காரா. வால்டர் எமரி என்ற ஆங்கிலேய அகழ்வாய்வாளர் 1964இல் அங்கே ஓர் அகழ்வாய்வைத் தொடங்கினார். அவர் தேடியது இம்ஹோதெப்பின் கல்லறை. படிக்கட்டுப் பிரமிடைக் கட்டிய அந்த மேதையைப் பிற்கால எகிப்தியர் தோத்தோடு சேர்த்து வணங்கினார்கள். எமரிக்குக் கல்லறை கிடைக்கவில்லை. கிடைத்தது தரைக்கு அடியில் நீளும் சுரங்கப் பாதைகள். பாதையின் இருபக்கமும் அறைகள். அறைகளில் தரையிலிருந்து கூரை வரை சுட்ட மண் சாடிகள். சாடிக்குள் துணி சுற்றிப் பதப்படுத்திய அரிவாள் மூக்கன்கள். சக்காராவில் மட்டும் 17 லட்சத்து 50 ஆயிரம் பறவை இருக்கும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். ஹெர்மோபோலிஸுக்குச் சொந்தமான தூனா அல் கெபல் இடுகாட்டில் 40 லட்சம். பெரும்பாலும் கி.மு. 7ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தியவை. ரோமர் ஆட்சிக்காலம் வரை நடந்திருக்கிறது.

இத்தனை எதற்கு? நேர்த்திக்கடன். தோத்திடம் ஒரு காரியம் கேட்க வேண்டும். வழக்கு, வியாதி, பிள்ளை வரம், எதுவாகவும் இருக்கலாம். யாத்திரை வருகிறவர் ஒரு மம்மியை வாங்கிக் காணிக்கை செலுத்துவார். அது தெய்வத்திடம் போய் இவருடைய மனுவைச் சொல்லும். தெரியாமல் கொன்றாலும் சாவு என்று ஹெரோடோட்டஸ் எழுதிய அதே நாட்டில், அதே பறவை லட்சக்கணக்கில் சாடிக்குள் போனது. எல்லாம் வயதாகித் தானாகச் செத்தவை என்று நம்ப இடமில்லை. பக்தி பெருகப் பெருகப் பறவைக்கு ஆயுள் குறைந்தது என்பதே என் எண்ணம். எகிப்தியரைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். அவர்கள் பார்வையில் மம்மியாவது தண்டனை அல்ல, தெய்வத்தோடு சேர்வது.

ஆனால் அங்கேயும் மோசடி இருந்தது. சக்காராவில் கிடைத்த ஓட்டுச்சில்லுகளில் ஹோர் என்பவரின் குறிப்புகள் இருக்கின்றன. கி.மு. 2ஆம் நூற்றாண்டு, ஐபிஸ் வழிபாட்டு நிர்வாகத்தில் இருந்தவர். கனவு கண்டு பலன் சொல்பவர். சிரியாவின் அரசர் அந்தியோக்கஸ் எகிப்தை விட்டுப் போய்விடுவார் என்று கி.மு. 168இல் முன்கூட்டிச் சொன்னதாகவும் எழுதிவைத்திருக்கிறார். அறுபதாயிரம் ஐபிஸ்களுக்கான தீவனத்தைப் பற்றிப் பேசுகிறார். ஊழியர்களின் ஊழலைப் பற்றிக் கசந்து எழுதுகிறார். ஒரு சாடிக்கு ஒரு தெய்வம், அதாவது ஒரு பறவை, என்று விதி போட வேண்டியிருந்தது. விதி போட்டார்கள் என்றாலே அதுவரை என்ன நடந்தது என்பது விளங்குகிறது.

நம் காலத்து எக்ஸ்ரேயும் ஸ்கேனும் ஹோருக்கு ஆதரவாகவே பேசுகின்றன. மான்செஸ்டரில் சுமார் 800 விலங்கு மம்மிகளைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்கில் முழு உடல். மூன்றில் ஒரு பங்கில் சில எலும்புகள். மீதி ஒரு பங்கில் பிராணியின் எலும்பே கிடையாது. சேறு, குச்சி, நாணல், இறகு. எல்லாமே ஏமாற்று என்று சொல்ல முடியாது. கூட்டில் கிடந்த இறகுக்கும் புனிதம் உண்டு என்று அவர்கள் நினைத்திருக்கலாம். வேறு சில ஐபிஸ் மம்மிகளை ஸ்கேன் செய்தபோது இரைப்பையில் நத்தை இருந்தது. இன்னொன்றின் வயிற்றுக்குள் தானியம் அடைத்து அனுப்பியிருந்தார்கள். போகிற வழிக்குக் கட்டுச்சோறு.

கைவேலையும் சாதாரணம் இல்லை. சில பொதிகளில் இருநிறத் துணிப் பட்டைகளைச் சாய்சதுரம் சாய்சதுரமாகப் பின்னியிருக்கிறார்கள். பாய் முடைகிற கை தெரிகிறது. நியூயார்க்கில் புரூக்ளின் மியூசியத்தில் தூனா அல் கெபலிலிருந்து வந்த ஒரு பெட்டி இருக்கிறது. பெட்டியே பறவை வடிவம். மர உடம்புக்குத் தங்க முலாம், தலையும் காலும் வெள்ளி, கண் படிகக்கல். பறவை காலை மடித்து உட்கார்ந்திருக்கிறது. செய்தவர் பறவையை உட்கார்ந்த நிலையில் நன்றாகக் கவனித்தவர் என்பது முழங்கால் மடிப்பைப் பார்த்தாலே தெரியும். உள்ளே மம்மி. காணிக்கை செலுத்தியவர் கையில் நல்ல காசு இருந்திருக்கிறது.

இரண்டாவது வழக்குக்கு வருவோம். 1798இல் நெப்போலியன் எகிப்துக்குப் படையோடு அறிஞர் கூட்டத்தையும் அழைத்துப் போனார். அதில் ஒருவர் எத்தியேன் ஜெஃப்ரோய் செந்திலேர், விலங்கியலாளர். அவர் மூட்டை மூட்டையாக மம்மிகளைப் பாரிஸுக்குக் கொண்டுவந்தார். பாரிஸில் அப்போது பெரிய கேள்வி: உயிரினங்கள் படைத்தது படைத்தபடி நிற்கின்றனவா, மெல்ல மெல்ல மாறுகின்றனவா? மாறுகின்றன என்றார் லமார்க். மாறவில்லை என்றார் ஜார்ஜ் கூவியே. இரண்டு பேரும் ஒரே இயற்கை அருங்காட்சியகத்தில் பேராசிரியர்கள்.

அதற்கு முன் ஒரு சின்னக் குழப்பம் தீர வேண்டியிருந்தது. எகிப்தியரின் ஐபிஸ் எந்தப் பறவை என்றே ஐரோப்பாவில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. வேறொரு பெரிய நாரையை ஐபிஸ் என்று நினைத்திருந்தார்கள். நம் சங்குவளை நாரையின் ஆப்பிரிக்க உறவு அது. லின்னேயஸ் அதற்கு அந்தப் பெயரையே சூட்டிவிட்டார். இன்றைக்கும் அந்த நாரையின் அறிவியல் பெயரில் ஐபிஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆள் மாறாட்டம் நடந்து, தப்பான ஆள் பேரிலேயே பத்திரம் பதிவாகிவிட்ட கதை. கூவியே மம்மிப் பொதியைப் பிரித்து எலும்பை அளந்தார். நாரைக்கு மிகச் சிறிது. ஸ்காட்லாந்துப் பயணி ஜேம்ஸ் புரூஸ் எத்தியோப்பியாவில் பார்த்து எழுதிய பறவையோடு சரியாகப் பொருந்தியது. 1800இல் இதை வெளியிட்டார். ஒரு மம்மிக்குள் செரிக்காத பாம்புத் தோலும் செதிலும் இருந்ததைப் பார்த்து, பாம்பு தின்னும் என்று பழையவர்கள் சொன்னது முழுக் கட்டுக்கதை இல்லை என்றும் எழுதினார்.

பிறகு வந்தது வாதம். மூவாயிரம் வருஷத்துக்கு முந்திய எலும்பு இதோ, இன்றைய பறவையின் எலும்பு இதோ, ஒரு வித்தியாசமும் இல்லை. உயிரினம் மாறும் என்றால் இதில் ஏன் மாறவில்லை என்றார் கூவியே. ஜெஃப்ரோய் கொண்டுவந்த சேகரிப்பைப் பற்றிய 1802 அறிக்கையில் லமார்க்கும் கையெழுத்திட்டிருக்கிறார். மாறவில்லை என்ற உண்மையை அவர் மறுக்கவே இல்லை. அவர் சொன்ன பதில்: எகிப்தின் தட்பவெப்பம் அந்தக் காலத்தில் எப்படியோ அப்படியே இன்றும் இருக்கிறது, சூழல் மாறாதபோது பறவை எதற்கு மாற வேண்டும்? தவிர, இயற்கையின் கணக்கில் இரண்டாயிரம் மூவாயிரம் வருஷம் ஒரு காலமே இல்லை.

அன்றைக்கு அவையில் ஜெயித்தது கூவியே. கையில் எலும்பு வைத்திருப்பவரோடு வாதாடுவது கஷ்டம். டார்வின் 1859இல் வரும்வரை பலரும் அந்த மம்மியைக் காட்டி லமார்க்கின் வாயை அடைத்தார்கள். மாற்றம் எப்படி நடக்கிறது என்பதில் லமார்க் சொன்னது பெரும்பாலும் நிற்கவில்லை. ஆனால் இந்த ஒரு வழக்கில், காலம் போதாது என்ற அவருடைய பதில்தான் சரி. சாட்சி பொய் சொல்லவில்லை. அதைக் கேட்ட கேள்விதான் பிழை.

மூன்றாவது வழக்கு நேற்று நடந்த மாதிரி. லட்சக்கணக்கான பறவைகள் எங்கிருந்து வந்தன? கோழிப் பண்ணை மாதிரி தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்களா, காட்டுப் பறவைகளைப் பிடித்தார்களா? ஹோரின் தீவனக் கணக்கைப் படித்தவர்கள் பண்ணை என்றார்கள். ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாலி வாசெஃப் குழுவினர் 14 பழைய மம்மிகளிலிருந்து மரபணு எடுத்து, ஆப்பிரிக்காவில் இன்று பறக்கும் 26 பறவைகளின் மரபணுவோடு ஒப்பிட்டார்கள். 2019இல் முடிவு வெளியானது. பண்ணையில் நெடுநாள் வளர்த்திருந்தால் நெருங்கிய உறவுக்குள்ளேயே கலந்து மரபணு ஒரே அச்சாக இருக்கும். இருக்கவில்லை. காட்டுப் பறவைகளில் எவ்வளவு வேறுபாடு உண்டோ ஏறத்தாழ அவ்வளவு மம்மிகளிலும் இருந்தது. அப்படியானால், சதுப்பு நிலத்துக்கு வந்த பறவைகளுக்குத் தீவனம் போட்டுப் பழக்கி, சிறிது காலம் வைத்திருந்து காணிக்கையாக்கினார்கள் என்று தோன்றுகிறது. கடும் வெப்பத்தில் மரபணு கெட்டுவிடும் என்பதால் எகிப்திய மம்மியிலிருந்து இவ்வளவு எடுத்ததே பெரிய காரியம்.

இவ்வளவும் பேசிவிட்டு, எகிப்தில் இன்று அந்தப் பறவை எங்கே என்று கேட்டால், இல்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு அங்கே முடிந்துவிட்டது. பாப்பிரஸ் காடுகள் போயின, டெல்டாவின் சதுப்புகளை வடித்து வயலாக்கினார்கள், வருஷம் முழுவதும் பாயும் கால்வாய்ப் பாசனம் வந்தது. 1970இல் அஸ்வான் உயர் அணை முடிந்த பிறகு அந்தக் கோடை வெள்ளமே எகிப்துக்குள் வருவதில்லை. திரும்பக் கொண்டுபோய் விடலாமே என்று கேட்பார்கள். விட்டால் நிற்க அந்த அளவுக்குச் சேறு வேண்டும்.

இன்னொரு பக்கம் வேடிக்கை. பிரான்ஸில் பிரிட்டனி பகுதியில் ஒரு விலங்குக் காட்சிசாலை இந்தப் பறவைகளைச் சுதந்திரமாகப் பறக்கவிட்டு வளர்த்தது. அவை வெளியே போய்க் கூடு கட்டிப் பெருகிவிட்டன. ஆலாக்களின் முட்டையைத் தின்கின்றன, குப்பைமேட்டில் மேய்கின்றன என்று புகார். இத்தாலியிலும் தைவானிலும் இதே நிலைமை. 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் முதல் பட்டியலை வெளியிட்டபோது அதில் புனித அரிவாள் மூக்கனும் இருந்தது. சுட்டுக் குறைக்கிறார்கள். அதன் மற்றொரு உடன்பிறப்பு ஆஸ்திரேலியாவில் உள்நாட்டுச் சதுப்புகள் வற்றியதும் சிட்னிக்குள் குடியேறி, குப்பைத் தொட்டிக் கோழி என்ற பட்டப்பெயரோடு சாண்ட்விச் திருடிக்கொண்டிருக்கிறது. ஸ்ட்ராபோவின் புகாரைத் தேதி மாற்றி அங்கே அச்சிடலாம்.

எகிப்துக்குச் சுற்றுலா போகிற நம்மவர்கள் இப்போது அதிகம். வயலில் வெள்ளையாக ஒரு பறவை நிற்கும். இதுதான் ஐபிஸ் என்று படம் எடுத்து அனுப்புவார்கள். அது நம் ஊர் மாட்டுக்குப் பின்னால் நடக்கும் உண்ணிக்கொக்குதான். மூக்கு நேராக, மஞ்சளாக, குட்டையாக இருக்கும். தோத்தின் பறவையை உயிரோடு பார்க்க ஆசை என்றால் கெய்ரோவில் இறங்காமல் நைலோடு இன்னும் மேலே, சூடானுக்கும் எத்தியோப்பியாவுக்கும் போக வேண்டும். அங்கே ஏரிக்கரைகளில் நிறைய இருக்கிறது.